சந்திரயான்-2 தரவைக் கொண்டு சூரிய வெடிப்பின் எக்ஸ் கதிர் நிறமாலையை ஆராய: புதிதாகத் தொடங்குவோருக்கான படிகள்

முதுநிலை இயற்பியல் இறுதியாண்டுத் திட்டத்துக்காக ஒரே ஒரு சூரிய வெடிப்பை எடுத்துக்கொண்டு, அதன் எக்ஸ் கதிர் நிறமாலையிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடும் வேலையைத் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தது ஏழு மாதம் இழுத்தது. அந்த ஏழு மாதத்தில் இயற்பியலைப் புரிந்துகொள்ளச் செலவானது ஒரு மாதம்கூட இருக்காது. மீதியெல்லாம் மென்பொருளை நிறுவுவதிலும், இந்திய நேரத்தையும் உலக நேரத்தையும் குழப்பிக்கொண்டதிலும், ஒரு புள்ளி வைக்காமல் தட்டச்சு செய்த கட்டளையின் விளைவைத் தேடுவதிலும் போயின. நடுவில், விண்வெளித் தரவு ஆய்வைக் கற்றுத் தருவதாகச் சொன்ன ஓர் இணையவழிப் பயிற்சிக்கு 6,500 ரூபாய் கட்டினேன். அங்கே ஆறு வாரமும் படங்கள் காட்டினார்களே தவிர, ஒரு கோப்பைக்கூடத் திறந்து காட்டவில்லை. கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்தால், மாலையில் இரண்டு மணி நேரம் மட்டுமே ஒதுக்க முடிகிறவர்கூட ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் முடிவைப் பார்த்துவிடலாம்.

வெடிப்பின்போது சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் உள்ள வாயு ஒரு கோடி கெல்வினை ஒட்டியும் அதைத் தாண்டியும் சூடாகிறது. அந்தச் சூட்டில் அது வெளியிடும் ஒளியின் பெரும்பகுதி எக்ஸ் கதிராகவே இருக்கிறது. நம் வளிமண்டலம் அதை முழுவதும் உறிஞ்சிவிடுவதால் விண்கலத்தின் தரவு இல்லாமல் இந்த வேலையே இல்லை. ஆனால் அந்தத் தரவு இன்று யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

8 ஜிபி நினைவகமும் குறைந்தது 40 ஜிபி காலி இடமும் உள்ள மடிக்கணினி போதும். விலை உயர்ந்த வரைகலை அட்டை எதுவும் தேவையில்லை. உபுண்டு போன்ற லினக்ஸ் நேரடியாக நிறுவப்பட்டிருந்தால் நல்லது. விண்டோஸ் மட்டுமே உள்ளவர்கள் அதற்குள்ளேயே இயங்கும் லினக்ஸ் துணை அமைப்பை நிறுவிக்கொள்ளலாம், ஆனால் கோப்புகளை எல்லாம் அந்த லினக்ஸின் சொந்தக் கோப்புறையில்தான் வைக்க வேண்டும். விண்டோஸின் சி இயக்ககத்தில் வைத்துக்கொண்டு லினக்ஸிலிருந்து அணுகினால் எல்லாம் நத்தை வேகத்தில் நடக்கும், கோப்பு அனுமதிப் பிழைகளும் வரும். பயனர் பெயரிலோ கோப்புறைப் பெயரிலோ இடைவெளி இருக்கவே கூடாது.

செலவு என்று பார்த்தால் தரவுக்கும் மென்பொருளுக்கும் ஒரு ரூபாயும் இல்லை. சூரிய ஆய்வாளர்கள் பலர் பயன்படுத்தும் ஆஸ்பெக்ஸ் என்ற தொகுப்பு மட்டும் ஐடிஎல் என்ற கட்டண மொழியின் மேல் இயங்குகிறது. உங்கள் கல்லூரியில் அதற்கான உரிமம் ஏற்கெனவே இருந்தாலொழிய அந்தப் பக்கம் போக வேண்டாம். பல ஜிபி பதிவிறக்கம் இருக்கும் என்பதால் கைபேசியின் தினசரி இணைய ஒதுக்கீட்டை நம்பாமல், கல்லூரி இணையத்திலோ வீட்டு ஃபைபர் இணைப்பிலோ பதிவிறக்குங்கள். நான் கைபேசி இணைப்பில் மூன்று முறை பாதியில் அறுந்து, நான்காவது முறைதான் முழுக் கோப்பைப் பெற்றேன்.

2. எந்தக் கருவியின் தரவு என்று முடிவு செய்யுங்கள்

சந்திரயான்-2 சுற்றுக்கலனில் உள்ள எக்ஸ்எஸ்எம் எனப்படும் சூரிய எக்ஸ் கதிர்க் கண்காணிப்பான் தொடங்குவோருக்கு ஏற்றது என்பது என் கருத்து. அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம் உருவாக்கிய இந்தக் கருவி, நிலவைச் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, 1 முதல் 15 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரையிலான (இனி கேஇவி என்று குறிப்பிடுகிறேன்) ஆற்றல் வரம்பில், சூரியன் முழுவதின் நிறமாலையை ஒவ்வொரு விநாடியும் பதிவு செய்கிறது. 5.9 கேஇவி ஆற்றலில் இதன் பிரிதிறன் 180 எலெக்ட்ரான் வோல்ட்டைவிடச் சிறப்பானது என்பதால், மெக்னீசியம், சிலிக்கான், கந்தகம் ஆகியவற்றின் கோடுகள் தனித்தனி மேடுகளாகத் தெரியும். இது படம் எடுக்காது. வெடிப்பு சூரியனின் எந்தப் பகுதியில் நடந்தது என்பதை வேறு கலத்தின் படத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ஆதித்யா-எல்1 கலத்தில் உள்ள சோலெக்ஸ், ஹெல்1ஓஎஸ் என்ற இரண்டு கருவிகளும் அடுத்த கட்டத்துக்கு உரியவை. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், சூரியனை எதுவும் மறைக்காத இடத்தில் இருப்பதால், நிலவுக்குப் பின்னால் போய் மறையும் சிக்கல் அங்கே கிடையாது. சோலெக்ஸ் ஆற்றல் குறைந்த மென் எக்ஸ் கதிர்களையும், ஹெல்1ஓஎஸ் 150 கேஇவி வரையிலான, ஆற்றல் மிகுந்த வன் எக்ஸ் கதிர்களையும் பார்க்கின்றன; வேகமூட்டப்பட்ட எலெக்ட்ரான்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பின்னதுதான் தேவைப்படும். ஆனால் வெப்ப நிறமாலையைக் கணித மாதிரியோடு ஒழுங்காகப் பொருத்தப் பழகாத ஒருவர் வன் எக்ஸ் கதிரில் தொடங்கினால், எது வெப்பத்தால் வந்தது, எது எலெக்ட்ரான் கற்றையால் வந்தது என்று பிரிக்கத் தெரியாமல் திணறுவார். ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டரில் உள்ள ஸ்டிக்ஸ் கருவிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

3. பிரதான் தளத்தில் கணக்குத் தொடங்குங்கள்

பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் இயங்கும் இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் பிரதான் என்ற தளத்தில் சந்திரயான்-2, ஆதித்யா-எல்1 ஆகிய இரண்டின் தரவும் உள்ளன. பெயர், நிறுவனம், மின்னஞ்சல் முதலியவற்றைக் கொடுத்துப் பதிவு செய்தால் உறுதிப்படுத்தும் அஞ்சல் வரும். அது வரவில்லை என்றால் வேண்டாத அஞ்சல் பகுதியில் பாருங்கள். கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் அதையே கொடுக்கலாம், ஆனால் படிப்பு முடிந்ததும் அந்த முகவரியை மூடிவிடுவார்கள் என்றால், நிலையான சொந்த முகவரியே மேல். நேற்று நடந்த வெடிப்பின் தரவு இன்று கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தரவு தவணை தவணையாக வெளியிடப்படுகிறது.

4. சரியான வெடிப்பைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாரும் செய்யும் முதல் தவறு, செய்தியில் வந்த மிகப் பெரிய வெடிப்பைத் தேடிப் போவது. நானும் எக்ஸ் வகுப்பில்தான் தொடங்கினேன். வெடிப்புகளின் வகுப்பு, அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள் 1 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் அளக்கும் எக்ஸ் கதிர்ப் பாயத்தை (ஒரு பரப்பில் வந்து விழும் ஆற்றலின் அளவை) கொண்டு ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று ஏறுகிறது. ஒவ்வொரு எழுத்தும் முந்தையதைவிடப் பத்து மடங்கு. பெரிய வெடிப்பில் ஒளியன்கள் (ஃபோட்டான்கள்) அள்ளிக் கொட்டுவதால் முடிவு எளிதாகக் கிடைக்கும் என்று தோன்றும். உண்மையில் அங்கே பல வெப்பநிலைகள் கலந்திருக்கும், ஒரே நேரத்தில் வந்து சேரும் இரு ஒளியன்களைக் கருவி ஒன்றாக எண்ணிவிடும் சிக்கலும் தலைதூக்கும். போதாததற்கு, எண்ணிக்கை வரம்பைத் தாண்டியதும் உணர்கருவியைக் காப்பாற்ற ஒரு பெரிலியத் தகடு தானாகவே குறுக்கே வந்து நிற்கும். அப்போது ஒளி வளைவு, அதாவது நேரத்தோடு எண்ணிக்கை மாறுவதைக் காட்டும் கோடு, செங்குத்தாகச் சரியும். அதைப் பார்த்து வெடிப்பு ஓய்ந்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவைத்த முதல் ஆள் நானாக இருக்க மாட்டேன்.

ஆகவே முதல் முயற்சிக்கு பி வகுப்பின் மேல் பகுதியிலோ சி வகுப்பின் கீழ்ப் பகுதியிலோ உள்ள, தனியாக நிற்கும், பத்து நிமிடத்துக்குக் குறையாமல் நீடித்த ஒரு வெடிப்பை எடுங்கள். சூரியன் அடங்கியிருந்த 2019, 2020 ஆம் ஆண்டுகளில் இப்படிப்பட்டவை கிடைக்கும். பின்னாளில் வெடிப்பின் மேல் வெடிப்பு ஏறி நிற்பதால் எது யாருடைய ஒளி என்று பிரிப்பது கடினம்.

கோஸ் பட்டியலிலிருந்து வகுப்பை எடுக்கும்போது ஒரு பொறி உண்டு. கோஸ்-15 வரையிலான பழைய கலங்களின் எண்கள் நெடுங்காலம் ஒரு சரிப்படுத்தும் காரணியால் குறைத்து வெளியிடப்பட்டு வந்தன. கோஸ்-16 முதல் அந்தக் குறைப்பு இல்லை. பழைய பட்டியலின் பாயத்தை 0.7-ஆல் வகுத்தால்தான் புதியவற்றோடு ஒப்பிட முடியும். இரண்டு பட்டியல்களையும் ஒட்டி ஒரு வரைபடம் போட்டால், நடுவில் ஒரு படிக்கட்டு முளைக்கும்.

அடுத்து, அந்த நேரத்தில் எக்ஸ்எஸ்எம் கருவிக்குச் சூரியன் தெரிந்ததா என்று பார்க்க வேண்டும். சுற்றுக்கலன் நிலவை ஒரு முறை சுற்ற ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுக்கிறது. சுற்றுப்பாதையின் தளம் சூரியனை நோக்கி எப்படித் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து, ஆண்டின் சில மாதங்களில் சூரியன் நீண்ட நேரம் பார்வையில் இருக்கும். சில மாதங்களில் ஒவ்வொரு சுற்றிலும் விட்டு விட்டுத்தான் தெரியும். நான் இரண்டாவதாக எடுத்த வெடிப்பில், வளைவு அழகாக ஏறிக்கொண்டே வந்து, உச்சத்துக்குச் சில நிமிடம் முன்பு வெட்டிவிட்டாற்போல நின்றது. கலன் நிலவுக்குப் பின்னால் போயிருந்தது. திரும்பி வந்தபோது வெடிப்பு வால் பகுதிக்கு வந்துவிட்டது. பதிவிறக்கும் முன் பத்து நிமிடம் செலவழித்து இதைச் சரிபார்த்திருந்தால், இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

5. பதிவிறக்கிய கோப்புகளை அடையாளம் காணுங்கள்

தரவு நாள்வாரியாக இருக்கும். ஒரு நாளின் தொகுப்பைத் திறந்தால் மூல நிலைக் கோப்புகள் ஒரு கோப்புறையிலும், அளவுத்திருத்தம் செய்யப்பட்டவை மற்றொன்றிலும் இருக்கும். மூல நிலையில் நிகழ்வுகளைக் கொண்ட ஃபிட்ஸ் (வானியல் தரவுக்கான கோப்பு வடிவம்) கோப்பு, கருவியின் உடல்நிலையைச் சொல்லும் எச்கே கோப்பு, சூரியன் எந்தக் கோணத்தில் இருந்தது என்று சொல்லும் எஸ்ஏ கோப்பு ஆகிய மூன்றும் இருக்கும். அளவுத்திருத்த நிலையில் நிறமாலை, ஒளி வளைவு, பயன்படுத்தத் தகுந்த நேர இடைவெளிகளின் பட்டியல் ஆகியவை இருக்கும். அவசரப்பட்டு அளவுத்திருத்தக் கோப்பு மட்டும் போதும் என்று மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய நேர இடைவெளிக்குத் தனி நிறமாலை தயாரிக்க மூலக் கோப்புகள்தான் வேண்டும்.

கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணையும் பதிவிறக்கிய தேதியையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அளவுத்திருத்தம் மேம்படும்போது அதே நாளின் தரவு புதிய பதிப்பாக மாறலாம், அப்போது உங்கள் எண்கள் ஏன் நண்பரின் எண்களோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிய வேறு வழி இருக்காது.

6. மென்பொருளை நிறுவுங்கள்

பெரும்பாலானோர் கைவிட்டு ஓடும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மூன்று பொருள்களை இந்த வரிசையில் நிறுவ வேண்டும்: நாசாவின் ஹீசாஃப்ட் தொகுப்பு, எக்ஸ்எஸ்எம் தரவுக்கென்றே இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்தினர் எழுதிய எக்ஸ்எஸ்எம்டாஸ், பின்பு சைசோத் என்ற நிறமாலை மாதிரி. ஹீசாஃப்டுக்குள்தான் நிறமாலையைப் பொருத்தும் எக்ஸ்ஸ்பெக் நிரல் இருக்கிறது.

ஹீசாஃப்டைத் தயார்நிலை இருமக் கோப்பாக எடுக்காமல், மூல நிரலாக எடுத்து உங்கள் கணினியிலேயே தொகுக்க வேண்டும். ஏனென்றால் சைசோத் போன்ற வெளி மாதிரிகளைச் சேர்க்கும்போது, எக்ஸ்ஸ்பெக்கை எந்தத் தொகுப்பியால் கட்டினீர்களோ அதே தொகுப்பியால்தான் மாதிரியையும் கட்ட வேண்டும். இந்த ஒரு வரி தெரியாமல் நான் மூன்று வாரம் இழந்தேன். சி, சி++, ஃபோர்ட்ரான் தொகுப்பிகளும், வரைபடச் சாளரத்துக்கான எக்ஸ்11 நூலகத்தின் மேம்பாட்டுக் கோப்புகளும், பெர்ல், பைத்தான் ஆகியவையும் முன்பே நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

கணினியில் அனகோண்டா என்ற பைத்தான் தொகுப்பு இருந்தால், தொகுக்கும் முன் அதை அந்த முனையத்தின் பாதையிலிருந்து நீக்கிவிடுங்கள். அதன் நூலகங்களும் கணினியின் நூலகங்களும் கலந்துபோனால், தொகுப்பு வேலை ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுக் கடைசியில், எங்கோ பெயர் தெரியாத ஒரு நூலகத்தைக் காணவில்லை என்று நின்றுவிடும். அமைத்தல், கட்டுதல், நிறுவுதல் என்ற மூன்று படிகளின் வெளியீட்டையும் தனித்தனிக் கோப்பில் சேமியுங்கள். பிழை வந்தால் கோப்பின் கடைசி வரியைப் பார்க்காமல், முதன்முதலாகப் பிழை என்ற சொல் வரும் வரியைத் தேடுங்கள். கடைசி வரி விளைவைத்தான் சொல்லும், காரணம் மேலே எங்கோ இருக்கும்.

ஒவ்வொரு புதிய முனையத்திலும் ஹீசாஃப்டின் தொடக்கக் கோப்பை இயக்க வேண்டும். நேற்று ஓடிய நிரல் இன்று கட்டளை இல்லை என்று சொன்னால், பெரும்பாலும் இதை மறந்திருப்பீர்கள்.

எக்ஸ்எஸ்எம்டாஸ் அளவில் சிறியது. அதனோடு அளவுத்திருத்தக் கோப்புகளின் தொகுப்பையும் தனியாகப் பதிவிறக்கி உரிய இடத்தில் வைக்க வேண்டும். பின்னர் அதன் சூழல் மாறியில் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும். அலைக்குறியில் (~) தொடங்கும் குறுக்குப் பாதையைக் கொடுத்து நான் அரை நாள் தொலைத்தேன். சைசோத் மாதிரி, கியான்டி என்ற அணுத் தரவுத் தொகுப்பைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிட்ட நிறமாலைகளை அட்டவணையாக வைத்திருக்கிறது. அதைத் தொகுத்தபின் எக்ஸ்ஸ்பெக்குக்குள் ஏற்றிப் பார்த்து, பிழை ஏதும் வரவில்லை என்று உறுதி செய்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

7. நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள்

எக்ஸ்எஸ்எம் கோப்புகளில் நேரம் 2017 ஜனவரி 1, உலக நேரம் 00:00 மணியிலிருந்து கடந்த விநாடிகளாகக் குறிக்கப்படுகிறது. கோஸ் பட்டியலும் உலக நேரத்தில்தான் இருக்கிறது. இந்திய நேரம் இதில் எங்கும் இல்லை. ஐந்தரை மணி நேரத்தை மனக்கணக்காகக் கூட்டிக் கழிக்கும் பழக்கத்தை இந்த வேலை முடியும்வரை ஒதுக்கி வையுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 2020 மே 29 அன்று உலக நேரம் 07:24 மணிக்கு ஓர் எம்1.1 வெடிப்பு உச்சம் தொட்டது. 2017, 2018, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 1,095 நாள். 2020 நெட்டாண்டு என்பதால் ஏப்ரல் முடிய 121 நாள். மே மாதத்தில் முழுதாகக் கடந்தவை 28 நாள். ஆக 1,244 நாள். இதை 86,400-ஆல் பெருக்கினால் 10,74,81,600 விநாடி. இதனோடு 7 மணி 24 நிமிடத்துக்கு 26,640 விநாடி கூட்டினால் 10,75,08,240. உங்கள் வெடிப்புக்கும் இதே கணக்கை ஒரு முறை கையால் போட்டு, பிறகு நிரலில் எழுதிய விடையோடு ஒப்பிடுங்கள். என் நிரல் நெட்டாண்டை விழுங்கிவிட்டு, முந்தைய நாளின் அமைதியான சூரியனைக் காட்டிக்கொண்டிருந்தது.

8. நிறமாலைகளை வெட்டியெடுங்கள்

முதலில் நாள் முழுவதின் ஒளி வளைவை வரைந்து பாருங்கள். வெடிப்பு எங்கே தொடங்குகிறது, உச்சம் எங்கே, பழைய நிலைக்கு எப்போது திரும்புகிறது என்று கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெடிப்புக்கு முந்தைய அமைதியான பத்து நிமிடத்துக்கு ஒன்று, ஏறும் பகுதிக்கு ஒன்று, உச்சத்துக்கு ஒன்று, இறங்கும் பகுதிக்கு ஒன்று என்று நான்கே நான்கு நிறமாலை தயாரியுங்கள். எடுத்த எடுப்பில் நிமிடத்துக்கு ஒன்றாக முப்பது நிறமாலை தயாரித்து மொத்தமாகப் பொருத்த நினைத்தால், எந்த ஒன்று தவறாகப் போனது என்றே தெரியாது.

எக்ஸ்எஸ்எம்டாஸில் நிறமாலை தயாரிக்கும் நிரலுக்கு மூலக் கோப்பு, எச்கே கோப்பு, எஸ்ஏ கோப்பு, தகுந்த நேரப் பட்டியல் ஆகிய நான்கையும் ஒரே நாளினதாகவும் ஒரே பதிப்பினதாகவும் கொடுக்க வேண்டும். கலன் நகரும்போது சூரியன் கருவியின் மேல் விழும் கோணம் மாறிக்கொண்டே இருப்பதால், ஒளியைப் பிடிக்கும் பயன்பரப்பும் மாறுகிறது. எனவே ஒரு நேர இடைவெளிக்குக் கணக்கிட்ட பயன்பரப்புக் கோப்பை இன்னொரு இடைவெளியின் நிறமாலைக்குப் பயன்படுத்தக் கூடாது. கோப்புப் பெயரில் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் சேர்த்து எழுதினால் இந்தக் கலப்பு நேராது.

9. எக்ஸ்ஸ்பெக்கில் பொருத்துங்கள்

நிறமாலையை ஏற்றியதும் முதல் வேலை, நம்பத்தகாத ஆற்றல் பகுதியை நீக்குவது. 1.3 கேஇவிக்குக் கீழே கருவியின் மறுவினை அவ்வளவு உறுதியாகத் தெரியாது என்பதால் அதை விட்டுவிடுகிறோம். மேல் எல்லையை, சூரியன் சாராத பின்னணியும் உங்கள் நிறமாலையும் சமமாகும் இடத்தில் வைக்க வேண்டும். சிறிய வெடிப்புகளில் இது எதிர்பார்ப்பதைவிடக் குறைந்த ஆற்றலிலேயே வந்துவிடும்.

நீக்கும் கட்டளையில்தான் நான் முன்னே சொன்ன புள்ளிப் பொறி இருக்கிறது. எக்ஸ்ஸ்பெக்கில் முழு எண்ணாகக் கொடுத்தால் அது சேனல் (ஆற்றல் வரம்பைப் பிரித்த சிறு கட்டங்களில் ஒன்று) எண், தசமப் புள்ளியோடு கொடுத்தால் அது ஆற்றல். நான் தொடக்கத்தில் 1 கேஇவிக்குக் கீழே நீக்கலாம் என்று எண்ணி, 1.0 என்பதற்குப் பதிலாக வெறும் 1 என்று கொடுத்தேன். நிரல் பிழை எதுவும் காட்டவில்லை. ஒரே ஒரு சேனல் நீக்கப்பட்டது என்று திரையில் ஒரு வரி வந்தது, நான் அதைப் படிக்கவில்லை. கீழ்முனையில் இருந்த இரைச்சல் அத்தனையும் உள்ளே நின்றது, வெப்பநிலை வர வேண்டியதைவிட மிகக் குறைவாக வந்தது, பதினோரு நாள் நான் மாதிரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் நீக்கிய சேனல்களின் எண்ணிக்கையைத் திரையில் படியுங்கள்.

பிறகு சேனல்களைக் குழுவாக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது 25 எண்ணிக்கை இருக்கும்படி சேர்த்தால்தான், மாதிரி தரவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்கும் கை-வர்க்க (χ²) சோதனைக்குப் பொருள் இருக்கும்.

மாதிரியைச் சேர்க்கும்போது எல்லா அளவுருக்களையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடாதீர்கள். சைசோத்தில் வெப்பநிலை மடக்கையாகக் கொடுக்கப்படுகிறது, 7.0 என்றால் ஒரு கோடி கெல்வின், 6.8 என்றால் சுமார் 63 லட்சம். தனிமங்களின் அளவும் ஹைட்ரஜனை 12 என்று வைத்த மடக்கை அளவில்தான் இருக்கிறது. முதல் சுற்றில் தனிமங்களைக் கொரோனாவுக்குரிய மதிப்புகளில் நிறுத்திவிட்டு, வெப்பநிலையையும் உமிழ்வளவையும் மட்டும் பொருத்துங்கள். உமிழ்வளவு என்பது சூடான வாயுவின் அடர்த்தியின் வர்க்கத்தை அதன் கன அளவால் பெருக்கியது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டும் நிலைபெற்ற பிறகு எச்சத்தை, அதாவது தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாட்டை, வரைந்து பாருங்கள். 1.35 கேஇவிக்கு அருகே மெக்னீசியம், 1.86-இல் சிலிக்கான், 2.45-இல் கந்தகம் என்று மேடோ பள்ளமோ தெரிந்தால், அந்தத் தனிமத்தை மட்டும், ஒவ்வொன்றாக, அவிழ்க்க வேண்டும். ஆர்கான் 3.1-இலும், கால்சியம் 3.9-இலும், இரும்பு 6.7-இலும் வரும், பி வகுப்பு வெடிப்பில் இவை கண்ணுக்குத் தெரியாவிட்டால் அவற்றை அவிழ்ப்பதில் பயனில்லை. தரவில் இல்லாத ஒன்றை நிரல் அளந்து கொடுக்காது, ஏதாவது ஓர் எண்ணை மட்டும் கொடுக்கும்.

வெடிப்புக்கு முந்தைய நிறமாலையை என்ன செய்வது என்ற கேள்வி இங்கே எழும். அதை நேராகக் கழித்துவிடலாம். அல்லது அதைத் தனியாகப் பொருத்தி, அந்த அளவுருக்களை அசையாமல் வைத்து, வெடிப்புக்கு இரண்டாவது கூறைச் சேர்க்கலாம். இரண்டாவது முறைதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் கழிக்கும்போது பெருகும் பிழை அதில் கண்ணுக்குத் தெரிகிறது. எதைச் செய்தாலும் அறிக்கையில் சொல்ல வேண்டும்.

பிழை வரம்பைக் கணக்கிடும் கட்டளையிலும் ஒரு பொறி உண்டு. ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது 90 சதவீத நம்பக எல்லையைக் கொடுக்கும். ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் வருவது ஒரு திட்ட விலக்கம், அதாவது சுமார் 68 சதவீதம். 1.0 என்ற மதிப்பைக் கட்டளையோடு கொடுத்தால்தான் அது வரும். நான் என் பிழைக் கோடுகள் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்து, என் தரவு மட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சைசோத்தை விட்டு எக்ஸ்ஸ்பெக்கின் சொந்த மாதிரியான விஏபெக்கைப் பயன்படுத்தினால் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். அங்கே வெப்பநிலை கேஇவியில் இருக்கும். 1 கேஇவி என்பது 1 கோடியே 16 லட்சம் கெல்வின். அதோடு, தனிமங்களுக்கு அது இயல்பாக எடுத்துக்கொள்ளும் அட்டவணை 1989-இல் வெளியான பழையது. அதில் இரும்பின் மதிப்பு 7.67, இப்போது பரவலாகப் பயன்படுத்தப்படும் மதிப்பு 7.50. அட்டவணையை மாற்றாமல் விட்டால் இரும்பின் அளவில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேறுபாடு தானாகவே நுழைந்துவிடும்.

10. கிடைத்த எண்களைச் சோதியுங்கள்

மடக்கையில் 0.3 கூடினால் அளவு இரண்டு மடங்காகிறது. சிலிக்கானுக்கு, சூரியனின் கண்ணுக்குத் தெரியும் பரப்பான ஒளிக்கோளத்தில் 7.51, கொரோனாவில் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும் மதிப்பு 8.1 என்றால், வேறுபாடு ஏறத்தாழ நான்கு மடங்கு. அயனியாக்க ஆற்றல் குறைந்த மெக்னீசியம், சிலிக்கான், இரும்பு போன்ற தனிமங்கள்தாம் கொரோனாவில் இப்படிக் கூடுதலாக இருக்கின்றன.

உங்கள் முடிவை ஒப்பிட ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், எக்ஸ்எஸ்எம் பதிவு செய்த ஒன்பது பி வகுப்பு வெடிப்புகளில், உச்சத்தின்போது மெக்னீசியம், சிலிக்கான் போன்ற தனிமங்களின் அளவு ஒளிக்கோள மதிப்பை நோக்கி இறங்கி, வெடிப்பு தணியும்போது விரைவிலேயே கொரோனா மதிப்புக்குத் திரும்பியது காட்டப்பட்டது. வெடிப்பின் ஆற்றல் கீழேயுள்ள அடுக்கைச் சூடாக்கி, அங்கிருந்த வாயுவைக் கொரோனாவின் வளையங்களுக்குள் ஆவியாக மேலே தள்ளுகிறது என்ற விளக்கத்தோடு அந்த இறக்கம் பொருந்துகிறது. உங்கள் நான்கு நிறமாலைகளிலும் இந்த இறக்கமும் ஏற்றமும் தெரிந்தால், பெரும்பாலும் சரியான பாதையில் இருக்கிறீர்கள். நேர்மாறாக வந்தால், புதியதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழும் முன், ஏழாம், எட்டாம், ஒன்பதாம் படிகளைத் திரும்பப் பாருங்கள்.

வெப்பநிலை, உமிழ்வளவு, தனிம அளவு மூன்றும் ஒன்றையொன்று ஈடுகட்டக் கூடியவை என்பதால், ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் குறைத்தாலும் பொருத்தம் கெடாமல் நிற்கலாம். இரண்டிரண்டு அளவுருக்களாக எடுத்து, பொருத்தம் சமமாக இருக்கும் இடங்களை இணைக்கும் சமவரைக் கோடுகள் வரைந்து பாருங்கள். கோடுகள் நீண்டு சாய்ந்து கிடந்தால், அந்த இரண்டையும் தனித்தனியாக அறிந்துவிட்டதாக எழுதாதீர்கள்.

11. அறிக்கைக்கு வேண்டிய ஆவணங்கள்

கோப்புகளின் பெயரும் பதிப்பும், எக்ஸ்எஸ்எம்டாஸ், ஹீசாஃப்ட், சைசோத் ஆகியவற்றின் பதிப்பு எண்கள், அளவுத்திருத்தத் தொகுப்பின் தேதி, நீக்கிய ஆற்றல் வரம்பு, குழுவாக்கிய முறை, எடுத்துக்கொண்ட தனிம அட்டவணை, பிழை வரம்பின் நம்பக எல்லை ஆகியவை ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். என் வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் கேட்ட ஐந்து கேள்விகளில் மூன்று இந்தப் பக்கத்தைப் பற்றியவை. எக்ஸ்ஸ்பெக்கில் தொடக்கத்திலேயே பதிவுக் கோப்பைத் திறந்துவிட்டால் இவற்றில் பாதி தானாகச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு நாளும் புதிய பெயரில் திறங்கள், இல்லையென்றால் எந்தப் பொருத்தம் எந்த நாளுடையது என்று தெரியாமல் கலந்துவிடும்.

தரவைப் பயன்படுத்தியதற்கான நன்றிக் குறிப்பில், இது இஸ்ரோவின் சந்திரயான்-2 திட்டத்தின் தரவு என்பதையும், இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தில் காப்பகப்படுத்தப்பட்டது என்பதையும், கருவியை இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம் உருவாக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். குறிப்புக்கான வாசகம் தளத்திலேயே தரப்பட்டிருந்தால் அதையே எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொந்த நடையில் எழுதிக் கொடுத்ததை வழிகாட்டி இருமுறை திருப்பி அனுப்பினார்.

கால ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை, கணக்குத் தொடங்கி வெடிப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம், நிறுவலுக்கு இரண்டு வாரம், நேரமும் நிறமாலையும் சரியாக வர ஒரு வாரம், பொருத்தப் பழக இரண்டு வாரம், எழுத ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவல் மூன்றாம் வாரத்துக்குள் முடியவில்லை என்றால் மேலும் தனியாகப் போராடாமல், அதே இயங்குதளத்தில் ஏற்கெனவே நிறுவிய ஒருவரின் பக்கத்தில் ஒரு மாலை உட்காருங்கள். எனக்கு வானியற்பியல் படித்த ஒரு மூத்த மாணவி, என் முனையத்தைப் பார்த்த நான்காவது நிமிடத்தில் அனகோண்டாவை அணைத்துக் கொடுத்தார்.